அத்தானுக்கு, அக்கா இருக்கும் இடம் பற்றி

என் அன்புக்கும், அதைவிடக் கூடிய பயத்துக்கும் உரிய அத்தான்,

நீங்கள் இருக்கும் இடத்தில் சிக்னல் கிடைக்காது என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். கிடைத்திருந்தால் என் உதவியில்லாமலே செய்தி உங்களை எட்டியிருக்கும். உங்கள் மனைவி, அதாவது என் அக்கா, இப்போது உலகப் புகழ் பெற்றவர். கொழும்பு வெள்ளவத்தை காலி வீதியில் அவரைத் தெரியாத காகம் இல்லை. மெல்பேர்னில் தெரியும், ஒஸ்லோவில் தெரியும். தென்துருவத்தில் எங்கட ஆட்கள் யாராவது பலசரக்குக் கடை போட்டிருந்தால், அந்தக் கடை வாசலில் நிற்கும் பென்குயினுக்கும் தெரியும்.

அவர் பாடவில்லை, ஆடவில்லை, தேர்தலில் நிற்கவில்லை. ஒரு மத்தியானம் யாருக்கும் சொல்லாமல் வெளியே போனார். பொழுது படுவதற்குள் திரும்பி வந்தார். அவ்வளவுதான்.

போன கிழமை உங்கள் திவசம். கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பை அக்கா உங்களுக்குப் படைத்தார். காகம் முந்தியதா நான் முந்தினேனா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் படத்துக்கு முன்னால் நின்று ஒரு விஷயம் கேட்க வேண்டும் என்றுதான் வந்திருந்தேன். ஆனால் ரொறன்ரோவிலிருந்து உங்கள் மகள் வீடியோவில் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறந்த மனிதரிடம் ஒரு இரகசியம் கேட்கக்கூட இப்போது தனி இடம் கிடைப்பதில்லை அத்தான்.

அதனால் எழுதுகிறேன். இதை முகநூலில் போடப் போவதில்லை. ஒரு தமிழ்ச் சஞ்சிகைக்குக் கொடுக்கிறேன். அச்சான தமிழ்ச் சஞ்சிகையைவிடப் பத்திரமான பெட்டகம் உலக வங்கிகள் ஒன்றிலும் இல்லை. அக்கா என் எழுத்தை இதுவரை ஒரு வரி வாசித்ததில்லை. என்றாலும் முன்னெச்சரிக்கையாக ஒருவருடைய பெயரையும் எழுதவில்லை. உங்களிடம் பழகியதில் அந்தளவு புத்தியாவது எனக்கு வந்திருக்கிறது.

நீங்கள் எப்படிப்பட்ட ஆள்? புதுக்கடை நீதிமன்றத்தடியில் ஒரு சட்டத்தரணியிடம் எழுதுவினைஞராக இருந்து, அரைக் கொழும்பின் குடும்பச் சண்டைகளை நெஞ்சுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு, வீட்டில் மழை பெய்ததைக்கூடச் சொல்லாத மனிதர். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் பஸ்ஸிலிருந்து ஆட்களை இறக்கி வைத்த வருடங்களில் பழகிய பழக்கங்கள் உங்களை விட்டுப் போகவேயில்லை. கடிதம் வந்தால், உறையில் விலாசம் உள்ள பக்கத்தைக் கிழித்து எரித்த பிறகுதான் மிச்சம் குப்பைக்குப் போகும். முச்சக்கர வண்டியை ஒரு ஒழுங்கை முந்தியே நிறுத்தி இறங்கி, மிச்சத் தூரத்தை மழையிலும் நடப்பீர்கள். வீட்டு வாசலில் பெயர்ப் பலகை இல்லை. கேட்டால், "என்னைத் தெரிஞ்ச ஆளுக்கு என்ர வீடு தெரியும்" என்பீர்கள்.

நானோ கொட்டாஞ்சேனையின் பகிரங்கச் சக்கரவர்த்தி. இடியப்பம் சாப்பிட்டால் உலகம் அறிய வேண்டும். சளி பிடித்தால் அனுதாபம் ஐந்து கண்டங்களிலிருந்து வர வேண்டும். என் ஒரு பல்லைப் பிடுங்கியபோது அதன் படத்துக்கு விழுந்த இதயங்களை அடுக்கியிருந்தால் துறைமுகத்துக்குப் பாலம் கட்டியிருக்கலாம். நீங்கள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "அதில பின்னால தெரியிறது உன்ர வீட்டுக் கதவு நம்பரெல்லோ?" என்று மட்டும் கேட்டீர்கள். பல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சரி, அந்த மத்தியானத்துக்கு வருகிறேன்.

மகள் அக்காவுக்குப் போன் எடுத்திருக்கிறாள். பதில் இல்லை. திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறாள். பிறகு எனக்கு எடுத்தாள். நான் கொட்டாஞ்சேனையிலிருந்து புயல் வேகத்தில் புறப்பட்டேன், அதாவது பம்பலப்பிட்டி வாகன நெரிசலில் ஒரு யுகம் நின்று, தாடி நரைத்து, வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தேன். கதவு பூட்டியிருந்தது. உள்ளே போன் அடிப்பது வெளியே கேட்டது. பக்கத்து வீட்டாருக்கு ஒன்றும் தெரியாது.

பகிடியை விட்டுச் சொல்கிறேன், பயந்துவிட்டேன். போன வருடம் கோயில் வரிசையில் இரத்தத்தில் சீனி இறங்கி அக்கா மயங்கி விழுந்தவர். அதற்குப் பிறகு பையில் எப்போதும் இனிப்பு வைத்திருப்பார். அன்றைக்கு வைத்திருந்தாரா என்று யாருக்குத் தெரியும்? மகள் அங்கே அழுதுகொண்டு, அம்மாவின் நல்ல படம் ஒன்று அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். என் தொலைபேசி இலக்கத்தோடு அவள் முகநூலில் போட்டாள். மேலே பெரிய எழுத்தில்: காணவில்லை.

அந்தச் சொல்லை இந்த நாட்டில் எத்தனை தாய்மார் எத்தனை வருடமாகப் படத்தோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அந்தச் சொல்லைக் கண்டால் எங்கட சனம் தாண்டிப் போகாது. பகிர்ந்தார்கள் அத்தான். அவ்வளவு பேரும் நல்ல மனதோடுதான் பகிர்ந்தார்கள். அதுதான் பிரச்சினையே.

பின்னேரத் தேநீர் நேரத்துக்கு அக்கா வந்தார். கையில் குடை, தோளில் பை. வாசலில் நான், பக்கத்து வீட்டார், தெரியாத ஆட்கள் சிலர், ஒரு பொலிஸ்காரர். அக்கா எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "ஆர் செத்தது?" என்று கேட்டார்.

எங்கே போனார் என்று கேட்டோம். "வெளியில" என்றார். எதற்கு என்று கேட்டோம். "திரும்பி வாறதுக்கு" என்றார். அதற்கு மேல் ஒன்றுமில்லை. உங்கள் கல்லுளிமங்கத்தனத்தைச் சீதனமாக வாங்கிக்கொண்டவர் எங்கட அக்கா.

பிறகுதான் விளங்கியது, அது முதல் தடவை இல்லையாம். மாதத்தில் ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, போனை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டு எங்கேயோ போய் வருகிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளை கண்டிருக்கிறது. உங்களுக்குத் தெரியுமா அத்தான்? நீங்கள் இருக்கும்போதே போனவரா? இல்லை, நீங்கள் போன பிறகு தொடங்கியதா? தெரிந்திருந்தாலும் எனக்குச் சொல்லியிருக்கமாட்டீர்கள் என்பது வேறு விஷயம்.

மகள் அன்றைக்கே "அம்மா கிடைத்துவிட்டார்" என்று எழுதினாள். நானும் எழுதினேன். அதற்குக் கீழே வந்து கடவுளுக்கு நன்றி சொன்னவர்களே, அந்தக் கையோடு பழைய அறிவித்தலை இன்னொரு இடத்தில் போட்டார்கள். சாகா வரம் பெற்ற அசுரர்களைப் பற்றிச் சின்ன வயதில் கேள்விப்பட்டிருக்கிறேன். இந்த அறிவித்தலுக்கு முன்னால் அவர்களெல்லாம் ஒரு காய்ச்சலுக்குத் தாங்கமாட்டார்கள். யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் அக்காவைக் கண்டதாக ஒருவர் சத்தியம் செய்தார். அதே நேரம் மட்டக்களப்பில் இன்னொருவர் கண்டார்.

ஒரு நாள் ஒருவன் என் இலக்கத்துக்குப் போன் எடுத்து, அம்மா தன்னிடம் பத்திரமாக இருப்பதாகவும், செலவுக்குத் தன் போனுக்குக் கொஞ்சம் ரீலோட் காசு போட்டுவிடும்படியும் சொன்னான். அக்கா எனக்கு முன்னால் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். போனை வாங்கி, "தம்பி, அவவுக்குச் சீனி வருத்தம். பாத்துச் சாப்பாடு குடும்" என்று சொல்லிவிட்டு வைத்தார். அன்றைக்குச் சிரித்தோம்.

சிரிப்பு அதோடு சரி. அக்கா சந்தைக்குப் போனால் யாராவது கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு சிங்களத் தம்பி, முச்சக்கர வண்டிக்காரன், போஞ்சிக்காய் வாங்கிக்கொண்டு நின்றவரை "அம்மே, கெதர யமு" என்று, வீட்டுக்கு வரச்சொல்லிக் கெஞ்சி ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினான். காசும் வாங்கவில்லை. அவனைத் திட்ட முடியுமா? அம்மாவை வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறான். அக்கா அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு அறைக்குள் போனார். போஞ்சி மேசையிலேயே கிடந்தது.

இதற்கிடையில் அறிவித்தலை மறுபடி போட்ட யாரோ ஒரு புண்ணியவான், தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தார். "மனநிலை சரியில்லாதவர், கண்டால் அன்பாகப் பேசுங்கள்." அதற்குப் பிறகு மருந்துக் கடையில் அக்காவிடம், "அம்மா, உங்கட பேர் என்ன?" என்று ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்துக் கேட்டார்களாம். எனக்கு வாய்ப்பாடு படிப்பித்த அக்கா. இன்றைக்கும் ஏழாம் வாய்ப்பாட்டில் நான் தடுமாறினால் அடுப்படியில் இருந்தே திருத்துகிறவர்.

அந்த வரியை அக்கா என் போனில்தான் கண்டார். போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். பிறகு வந்த மாதம் அவர் அந்த ஒரு நாளும் வெளியே போகவில்லை. அடுத்த மாதமும் இல்லை. பல்கனியில் நின்றால் கீழே யாரோ கைகாட்டுகிறார்கள் என்று திரைச்சீலையையும் இழுத்து விட்டார். நான் வந்து வாய் கிழியக் கதைப்பேன். "ஓம்" என்பார். அவ்வளவு அடக்கமான ஓமை நான் என் வாழ்நாளில் அந்த வாயிலிருந்து கேட்டதில்லை.

குடும்ப குறூப்பில் மகா யுத்தம் நடந்தது. எல்லாவற்றையும் மூடு என்றார் ஒருவர். மூடினால் அடுத்த முறை எப்படித் தேடுவது என்றார் இன்னொருவர். அக்காவை வீடியோவில் இருத்தி, நான் வீட்டில் சுகமாக இருக்கிறேன் என்று சொல்லவைத்துப் போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. பழையதை அழிக்கப் புதியது. அக்கா கேட்டுவிட்டு, "முகத்தைப் போட்டதால வந்த வினைக்கு இன்னொருக்கா முகத்தைப் போடுறதோ?" என்றார். யோசனை அதோடு முடிந்தது.

நான் துறவறம் பூண்டேன். முகநூலை விட்டு நிரந்தரமாக விலகுவதாக, முகநூலிலேயே, நீண்ட பிரகடனம் ஒன்று வெளியிட்டேன். காவியுடை ஒன்றுதான் குறை. அன்று பின்னேரமே, அறிவித்தலை யார் எங்கே புதிதாகப் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கத் திரும்பவும் உள்ளே போக வேண்டியதாயிற்று. ஒவ்வொரு இடமாகப் போய் "அவர் வந்துவிட்டார், தயவுசெய்து எடுத்துவிடுங்கள்" என்று எழுதுகிறேன். முந்தி சந்தோஷத்துக்கு அங்கே இருந்ததைவிட இப்போது கூட நேரம் இருக்கிறேன். வெளியே வர வேண்டுமென்றால் இன்னும் உள்ளே போக வேண்டியிருக்கிறது. இது என்ன வீடு அத்தான்? எந்தக் கொத்தன் கட்டினான்?

இப்போது மகளின் விஷயம். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அம்மாவின் போனில், இருக்கும் இடத்தைக் காட்டும் வசதியைப் போட்டுவிட வேண்டும். அதைப் போட்டால் ரொறன்ரோவில் அவளுடைய போனில் ஒரு வரைபடமும் அதில் ஒரு புள்ளியும் தெரியும். அந்தப் புள்ளிதான் அம்மா. அக்காவின் போனுக்கு நிதியமைச்சரும் பாதுகாப்பு அமைச்சரும் நான்தான் என்பதால் கேள்வி என்னிடம் வந்தது.

"மாமா, நீங்கள் அங்க இருக்கிறியள். நான் இங்க இருந்து என்னத்தைச் செய்யேலும்? அந்தப் புள்ளி எண்டாலும் எனக்குத் தெரியட்டும்."

அக்காவிடம் சொன்னேன். "நான் என்ன பார்சலே," என்றார், "எங்க வந்திட்டன் எண்டு பாத்துக்கொண்டிருக்க?"

யார் சொல்வது பிழை, சொல்லுங்கள். மயங்கி விழுந்த தாயைப் பற்றி மகள் பயப்படுவது பிழையா? எழுபது வயது வரைக்கும் பிழை ஒன்றும் செய்யாத மனுஷி, மாதத்தில் ஒரு மத்தியானம் யாருக்கும் கணக்குச் சொல்லாமல் இருக்க நினைப்பது பிழையா? நீங்கள் இருந்திருந்தால் ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போயிருப்பீர்கள். அது எங்களுக்கு ஒரு தீர்ப்பாக இருந்திருக்கும்.

நீங்கள் இல்லாததால் நான் இராஜதந்திரத்தில் இறங்கினேன். புள்ளியைப் போட்டுவிட்டேன். மகளுக்குச் சமாதானம். பிறகு அக்காவை அடுப்படிக்குள் கூப்பிட்டுச் சொன்னேன்: "அக்கா, புள்ளி போனிலதான் இருக்கு. உங்களில இல்லை. நீங்கள் போற நாளில போன் என்னட்டை இருக்கட்டும்."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "உன்னைப் படிப்பிச்சது வீண் போகேல்லை" என்றார். மாதங்களுக்குப் பிறகு அந்த முகத்தில் பழைய கள்ளச் சிரிப்பைக் கண்டேன்.

அடுத்த முறை அக்கா பெருந்தொற்றுக் காலத்து முகக்கவசம் ஒன்றைப் போட்டு, குடையைச் சரித்துப் பிடித்துக்கொண்டு, ஒரு வங்கிக் கொள்ளைக்காரியின் கம்பீரத்தோடு புறப்பட்டார். பையில் இனிப்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். நான் போனை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கோயிலுக்குப் போனேன். ஏன் கோயில்? வீட்டிலேயே இருந்தால் மகள் எடுப்பாள், யாராவது பதில் சொல்ல வேண்டும். கோயிலில் அக்கா போன் எடுக்கமாட்டார் என்பது உலகறிந்த விஷயம். புள்ளி கோயிலில் இருந்தால் கேள்விக்கே இடமில்லை. இவ்வளவு பெரிய மூளையைத் தனியொரு மனிதனுக்குக் கொடுத்தது இயற்கையின் ஊதாரித்தனம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கோயில் கதவு பூட்டிக் கிடந்தது. அதனால் என்ன? மேலேயிருந்து பார்க்கும் புள்ளிக்குக் கதவு தெரியுமா? வாசல் நிழலில் குந்தினேன். பின்னேரம் அக்கா அங்கேயே வந்து போனை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

முதல் முறை அப்படி. இரண்டாம் முறையும் அப்படி. மூன்றாம் முறை, இன்றைக்கு, நான் அதே வாசலில் இருக்கும்போது என்னுடைய போன் அடித்தது. மகள். ரொறன்ரோவில் அப்போது விடியவில்லை.

"மாமா, நீங்கள் இப்ப கோயிலடியிலதானே?"

நான் ஏதோ கொட்டாஞ்சேனையில் அவசர வேலை என்று தொடங்கினேன். என் வாழ்நாளில் சொன்ன பொய்களிலேயே அதற்குத்தான் அலங்காரம் குறைவு. அவள் நடுவில் மறித்தாள்.

"கோயில் மத்தியானப் பூசை முடியப் பூட்டினால் பின்னேரம்தானே மாமா திறக்கிறது. நான் அங்க வளந்தனான். எனக்கு முதல் தடவையே தெரியும்."

கோயிலுக்கு ஒழுங்காகப் போகிற ஒருவனுக்கு வராத பிழை அது. உங்கள் மைத்துனனுக்கு மட்டுமே வரக்கூடிய பிழை.

"அப்ப ஏன் பிள்ளை கேக்கேல்லை?"

அங்கே ஏதோ ஹீட்டர் இரைவது மட்டும் கேட்டது. பிறகு சொன்னாள்: "கேட்டால் நீங்கள் நிப்பாட்டிப்போடுவியள். பிறகு நான் எதைப் பாக்கிறது?"

எனக்கு வாய் வரவில்லை அத்தான். எனக்கு. சாவீட்டிலும் கதைத்துக்கொண்டிருந்த எனக்கு.

"அம்மா எங்க எண்டு உங்களுக்காவது தெரியுமோ?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "சரி" என்றாள். "அவ வருமட்டும் எழும்பிப் போகாதேங்கோ. குறூப்பில ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. அம்மாவுக்கும்." வைத்துவிட்டாள்.

அவள் இருட்டுக்குள் எழும்பி உட்கார்ந்து, அம்மா அங்கே இல்லை என்று தெரிந்துகொண்டே, அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இங்கே அக்கா, தன்னை ஒருவரும் பார்க்கவில்லை என்று நம்பி எங்கேயோ இருக்கிறார். நடுவில் நான். மகளுக்குத் தெரியும் என்று அக்காவுக்குச் சொல்லவா? சொன்னால் அவர் போவதை நிறுத்திவிடுவார், திரைச்சீலை மறுபடி மூடும். சொல்லாவிட்டால், ஒரு நாள் பையில் இனிப்பு இல்லாமல் எங்காவது ஒரு வாங்கில் இருந்தபடியே சரிந்தால், அவர் யார் என்று சொல்ல அவரிடம் போன்கூட இருக்காது. அது என் மடியில் இருக்கும். திவசத்தன்று உங்களிடம் கேட்க வந்தது இதில் பாதி. மிச்சப் பாதி இப்போதுதான் சேர்ந்தது. உங்களிடம் பதில் இருக்கும் என்று நினைத்து எழுதவில்லை. கேட்க வேறு ஆள் இல்லை.

இதை எழுதும்போதும் இங்கேதான் இருக்கிறேன். இரண்டு ஆடுகள் என்னைப் பக்தன் என்று நினைத்து மரியாதையாக விலகிப் போகின்றன. வெயில் சாய்ந்துவிட்டது. உள்ளே ஐயர் திறப்புக் கொத்தோடு நடமாடும் சத்தம் கேட்கிறது. வழக்கமாக அக்கா இதற்குள் வந்திருப்பார்.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். அவர் வந்தால், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார் என்று பார்க்கமாட்டேன். தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருப்பேன். எனக்கும் தெரியாமல் இருந்தால்தான் அந்த மத்தியானம் அவருடையது. வரும்வரைக்கும் எழும்பமாட்டேன். இருட்டினாலும். அதற்கு மேல் வாக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை அத்தான்.

தெருவுக்கு முதுகு காட்டி, பூட்டிய கோயில் வாசலில்,
உங்கள் மனைவியின் தம்பியும்
உங்கள் மகளின் புள்ளியுமான
மைத்துனன்